வேறு சிலிண்டர் ஹெட் பொருத்தும்போது வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையே எவ்வளவு இடம் இருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓர் எஞ்சினுக்கு அதனுடன் வந்த ஹெட்டைக் கழற்றிவிட்டு வேறொரு ஹெட்டைப் பொருத்த நினைப்பவர்கள், போல்ட் துளைகளும் தண்ணீர் வழிகளும் பொருந்துகின்றனவா என்று பார்த்ததோடு நிறைவடைந்துவிடுகிறார்கள். வால்வு திறந்து கீழே இறங்கும் நேரத்தில் பிஸ்டன் எங்கே இருக்கும் என்ற கேள்வியைப் பெரும்பாலும் எஞ்சின் ஓடிய பிறகுதான் கேட்கிறார்கள். அதை ஹெட்டை இறுக்குவதற்கு முன்பே கேட்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கேள்வி பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

வால்வு கிளியரன்ஸ் என்பது டேப்பட் இடைவெளிதானே? அதை ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்தால் போதாதா?

போதாது. பட்டறையில் வால்வு கிளியரன்ஸ் என்று சொன்னால் பெரும்பாலும், வால்வை அமுக்கித் திறக்கும் நெம்புகோலான ராக்கருக்கும் வால்வுத் தண்டின் முனைக்கும் இடையே விடும் டேப்பட் இடைவெளியைத்தான் குறிக்கிறார்கள். அது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்ற அளவில் இருப்பது. வால்வு சூட்டில் நீளும்போதும் சீட்டில் முழுமையாக அமர வேண்டும் என்பதற்காக விடப்படுவது. இங்கே பேசப்படுவது வேறு இடைவெளி. வால்வின் தலை எரியறைக்குள் இறங்கியிருக்கும்போது, அதற்கும் மேலேறி வரும் பிஸ்டனின் தலைக்கும் நடுவே எஞ்சும் இடம்தான் அது. டேப்பட் இடைவெளி தவறினால் சத்தம் வரும், வால்வு கருகலாம். இந்த இடைவெளி தவறினால் வால்வு வளையும், பிஸ்டன் உடையும், சில நேரங்களில் பிளாக்கே வீணாகும்.

பிளாக், பிஸ்டன், கேம் ஷாஃப்ட் எதையும் நான் தொடவில்லை. ஹெட்டை மட்டும் மாற்றுகிறேன். அப்போதும் அளக்க வேண்டுமா?

கட்டாயம் அளக்க வேண்டும். பிஸ்டனின் தலையில் வெட்டப்பட்டிருக்கும் வால்வுப் பள்ளங்கள் பழைய ஹெட்டின் வால்வுகளை மனத்தில் வைத்து வெட்டப்பட்டவை. புதிய ஹெட்டில் வால்வின் விட்டம் பெரியதாக இருக்கலாம், வால்வு நிற்கும் இடம் இரண்டு மில்லிமீட்டர் தள்ளியிருக்கலாம், அது சாய்ந்திருக்கும் கோணம் வேறாக இருக்கலாம். செவ்ரலேயின் பழைய ஸ்மால் பிளாக் எஞ்சின்களில் வால்வுகள் 23 பாகை சாய்ந்திருக்கும். அந்த வரிசைக்கென்று பின்னர் வந்த பந்தய ஹெட்களில் 18 பாகை, 15 பாகை என்று நிமிர்த்தப்பட்டவை உண்டு. போல்ட்கள் பொருந்தினாலும், 23 பாகைக்கு வெட்டிய பள்ளத்துக்குள் 15 பாகை வால்வு இறங்கும்போது அதன் ஒரு விளிம்பு பள்ளத்தின் அடியை முந்திக்கொண்டு நெருங்கும்.

இவற்றைத் தவிர, எரியறையின் ஆழம், வால்வு சீட் எவ்வளவு உள்ளே அமைந்திருக்கிறது, ஹெட்டின் அடிமுகம் முன்பு எத்தனை முறை ஃபேசிங் (தட்டையாகக் கடைதல்) செய்யப்பட்டது, அதனுடன் வரும் ராக்கரின் விகிதம் (கேமின் உயர்வை அது எத்தனை மடங்காக்கி வால்வுக்குத் தருகிறது) என்ன என்பவையும் கணக்கில் வரும். பழைய ஹெட் வாங்குபவர்கள் ஃபேசிங் வரலாற்றை விற்பவரின் வாய்மொழியாகக் கேட்டு நம்பக் கூடாது. ஹெட்டின் உயரத்தை அளந்து மூல அளவோடு ஒப்பிட வேண்டும்.

குறைந்தது எவ்வளவு இடைவெளி இருக்க வேண்டும்?

எஃகு கனெக்டிங் ராட் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) உள்ள புஷ் ராட் (கேமின் அசைவை ராக்கருக்குக் கொண்டுபோகும் தண்டு) எஞ்சின்களுக்கு எஞ்சின் கட்டுபவர்கள் நெடுங்காலமாகப் பின்பற்றும் அளவு, இன்டேக் வால்வுக்கு 0.080 அங்குலம், அதாவது ஏறத்தாழ 2 மி.மீ.; எக்ஸாஸ்ட் வால்வுக்கு 0.100 அங்குலம், அதாவது ஏறத்தாழ 2.5 மி.மீ. வால்வின் விளிம்புக்கும் பள்ளத்தின் பக்கச் சுவருக்கும் இடையே சுற்றிலும் 0.050 அங்குலம், அதாவது 1.27 மி.மீ. அலுமினிய கனெக்டிங் ராட் சூட்டிலும் வேகத்திலும் அதிகமாக நீளும் என்பதால், அது உள்ள எஞ்சினில் செங்குத்து இடைவெளியை இன்னும் கூட்டி வைக்க வேண்டும். உங்கள் கேம் அல்லது பிஸ்டன் தயாரிப்பாளர் தனியாக ஓர் அளவைக் கொடுத்திருந்தால் அதுவே செல்லும்.

எக்ஸாஸ்டுக்கு ஏன் கூடுதல் என்று பலர் கேட்கிறார்கள். எக்ஸாஸ்ட் வால்வு அதிகச் சூட்டில் இயங்குவதால் அதிகமாக நீளும் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமானது மற்றொன்று: இன்டேக் வால்வு, கீழே இறங்கிப் போகும் பிஸ்டனைப் பின்தொடர்ந்து திறக்கிறது, எக்ஸாஸ்ட் வால்வையோ மேலேறி வரும் பிஸ்டன் துரத்துகிறது. உயர்ந்த வேகத்தில் ஸ்பிரிங் பிடி தளர்ந்து வால்வு மிதக்கத் தொடங்கினால், மூடத் தாமதிப்பது எக்ஸாஸ்ட் வால்வு, அடிபடுவதும் அதுவே.

வால்வு முழுவதும் திறந்திருக்கும்போதுதானே பிஸ்டனில் இடிக்கும்? அப்படியானால் அதிகபட்ச லிஃப்டை (வால்வு திறந்து இறங்கும் தூரத்தை) மட்டும் பார்த்தால் போதுமே?

இந்தத் துறையில் மிகவும் பரவியிருக்கும் தவறான எண்ணம் இது. வால்வு முழுவதும் திறந்திருக்கும் நேரத்தில் பிஸ்டன் சிலிண்டரில் வெகுதூரம் கீழே போயிருக்கும். ஆபத்தான நேரம் இரண்டு வால்வுகளும் சற்றே திறந்திருக்கும் ஓவர்லாப் நேரம்தான். அதாவது எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் முடிந்து இன்டேக் ஸ்ட்ரோக் தொடங்கும்போது, டிடிசி எனப்படும் உச்ச நிலையைப் பிஸ்டன் தொட்டுத் திரும்பும் நேரம். எக்ஸாஸ்ட் வால்வு டிடிசிக்கு முன் சுமார் 10 பாகையிலும், இன்டேக் வால்வு டிடிசிக்குப் பின் சுமார் 10 பாகையிலும் பிஸ்டனுக்கு மிக அருகில் வரும். கேமைப் பொறுத்து இது முன்னும் பின்னும் சில பாகைகள் நகரும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். ஸ்ட்ரோக் 90 மி.மீ., கனெக்டிங் ராட் நீளம் 145 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். டிடிசியிலிருந்து கிராங்க் 10 பாகை திரும்பும்போது பிஸ்டன் 0.9 மி.மீ. அளவுக்குத்தான் இறங்கியிருக்கும், 20 பாகையில் 3.5 மி.மீ. இறங்கியிருக்கும். அதே எஞ்சினில் இன்டேக் வால்வு டிடிசியில் 1.8 மி.மீ., 10 பாகையில் 3.0 மி.மீ., 20 பாகையில் 4.6 மி.மீ. திறந்திருப்பதாகக் கொள்வோம். டிடிசியில் வால்வு பிஸ்டனை நோக்கி 1.8 மி.மீ. நெருங்கியிருக்கிறது, 10 பாகையில் நிகரமாக 2.1 மி.மீ. நெருங்கியிருக்கிறது, 20 பாகையில் அந்த நெருக்கம் 1.1 மி.மீ. ஆகக் குறைந்துவிடுகிறது. உச்ச நிலையின் அருகில் பிஸ்டன் மெதுவாக நகர்கிறது, வால்வோ வேகம் பிடிக்கத் தொடங்கிவிட்டது. அந்தச் சில பாகைகளில்தான் எல்லாம் முடிவாகிறது.

ராக்கர் விகிதத்தை 1.5 இலிருந்து 1.6 ஆக மாற்றுபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். கேம் மேட்டின் உயரம் 8 மி.மீ. என்றால் அதிகபட்ச லிஃப்ட் 12 இலிருந்து 12.8 மி.மீ. ஆகக் கூடுகிறது. ஆனால் மேலே சொன்ன 10 பாகையில், கேமின்மேல் அமர்ந்து அசையும் டேப்பட் 2 மி.மீ. தான் உயர்ந்திருக்கும், எனவே அங்கே வால்வு லிஃப்ட் 3.0 இலிருந்து 3.2 ஆகிறது. இடைவெளியில் குறைவது 0.2 மி.மீ. மட்டும். மாறாக, அதே கேமை 4 கிராங்க் பாகை முன்னே நகர்த்தினால், இன்டேக் இடைவெளியில் அரை மில்லிமீட்டருக்குமேல் போய்விடலாம். விளம்பரத்தில் அச்சிட்ட லிஃப்ட் எண்ணைப் பார்த்து, இந்தக் கேம் இடிக்கும், இது இடிக்காது என்று சொல்லிவிட முடியாததற்குக் காரணம் இதுதான்.

கேமை முன்னே பின்னே நகர்த்தினால் எந்த வால்வு பாதிக்கப்படும்?

முன்னே நகர்த்தினால் இன்டேக் வால்வு சீக்கிரம் திறக்கும், அதன் இடைவெளி குறையும், எக்ஸாஸ்டுக்குக் கூடும். பின்னே தள்ளினால் நேர்மாறு. டைமிங் செயின் தேய்ந்து தொய்வடையும்போது கேம் பின்தங்குகிறது என்பதால், நாளடைவில் குறைவது எக்ஸாஸ்ட் இடைவெளி.

களிமண் வைத்து அளப்பது எப்படி?

இங்கே களிமண் என்பது குழந்தைகள் பொம்மை செய்யும், காய்ந்து போகாத பிளாஸ்டிசின். ஒரு பாகத்தையும் அவசரப்படுத்தாமல் செய்தால் இது நம்பத்தகுந்த முறை.

முதலில் பிஸ்டனின் தலையைத் துடைத்துச் சுத்தம் செய்து, இரண்டு வால்வுப் பள்ளங்களிலும், அவற்றின் ஓரங்களைத் தாண்டியும், சுமார் 6 மி.மீ. கனத்துக்குக் களிமண்ணை அழுத்தி ஒட்டுங்கள். வால்வுத் தலைகளில் லேசாக எண்ணெய் தடவுங்கள். இல்லாவிட்டால் வால்வு மேலே போகும்போது களிமண்ணையும் பிய்த்துக்கொண்டு போய்விடும். பிறகு, ஏற்கெனவே ஒருமுறை இறுக்கி அமுங்கிய, இப்போது வைக்கப்போகும் அதே வகை ஹெட் கேஸ்கெட்டை வைத்து ஹெட்டை உட்காரச் செய்து, டார்க் ரெஞ்சால் முறைப்படி இறுக்குங்கள். அமுங்கிய கேஸ்கெட் கிடைக்கவில்லையானால் கேஸ்கெட் இல்லாமலேயே அளந்துவிட்டு, தயாரிப்பாளர் சொல்லும் அமுங்கிய கனத்தைப் பின்னர் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் கேஸ்கெட் இல்லாதபோது வால்வு உண்மையிலேயே பிஸ்டனைத் தொட்டுவிடக்கூடும் என்பதால், கிராங்கைத் திருப்பும் கைக்குக் கூடுதல் கவனம் வேண்டும்.

புஷ் ராட்களையும் ராக்கர்களையும் பொருத்தி, டேப்பட் இடைவெளியைச் சுழியமாக வைத்து, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, எஞ்சின் ஓடும் திசையிலேயே கையால் மெதுவாக இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். ஒரு சுற்று போதாது; கேம் ஒருமுறை சுற்ற கிராங்க் இருமுறை சுற்ற வேண்டும். எங்காவது கெட்டியாகத் தடுத்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். அந்தத் தடையைத் தாண்டித் தள்ளிய ஸ்பேனர்களால் வளைந்த வால்வுகள் ஏராளம்.

ஹெட்டைத் தூக்கியதும் களிமண்ணில் வால்வின் முகம் பிறைபோலப் பதிந்திருக்கும். அதை நனைத்த பிளேடால் குறுக்கே வெட்டி, ஒரு பாதியை எடுத்துவிட்டு, நிற்கும் பாதியின் வெட்டு முகத்தை வெர்னியர் காலிப்பரால் அளக்க வேண்டும். நடுவில் அளக்காதீர்கள், எங்கே மிக மெல்லியதாக இருக்கிறதோ அங்கே அளங்கள். பெரும்பாலும் அது பள்ளத்தின் ஓர் ஓரத்தில் இருக்கும். ஓரத்தில் களிமண் தாள்போல மெலிந்திருந்தால் வால்வின் கோணமோ இடமோ பள்ளத்தோடு ஒத்துப்போகவில்லை என்று பொருள்.

என் எஞ்சினில் ஹைட்ராலிக் டேப்பட்கள் உள்ளன. அவற்றை அப்படியே வைத்து அளக்கலாமா?

கூடாது. எண்ணெயால் தன் நீளத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டேப்பட், எண்ணெய் அழுத்தம் இல்லாதபோது வால்வு ஸ்பிரிங்கின் பலத்துக்கு அமுங்கிக்கொடுக்கும். வால்வு உண்மையில் திறக்க வேண்டிய அளவுக்குத் திறக்காது. களிமண் தடிப்பாக மிஞ்சும். நீங்கள் மகிழ்ச்சியோடு எஞ்சினை மூடிவிடுவீர்கள்.

இதை நான் என் கையால் செய்து கற்றுக்கொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு எஞ்சினில் ஹைட்ராலிக் டேப்பட்களோடு அளந்தபோது எக்ஸாஸ்டில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் இருப்பதாகக் காட்டியது. ஓடத் தொடங்கிய சில நாட்களில் ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் விழுந்தது. ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால், கரி படிந்த பிஸ்டன் தலையில் நகத்தால் கீறியதுபோல ஒரு சிறு பிறை. அது மட்டும் பளபளவென்று வெள்ளையாக இருந்தது. வால்வை எடுத்து மேசைமேல் உருட்டியபோது அதன் தலை தள்ளாடியது. அந்தப் பிறையை அதன் பிறகு நான் மறந்ததே இல்லை.

அளக்கும் இரண்டு வால்வுகளுக்கு மட்டும் அதே உயரமுள்ள திட டேப்பட்களைப் பொருத்திக்கொள்ளுங்கள். அல்லது ஒரு ஹைட்ராலிக் டேப்பட்டைப் பிரித்து, உள்ளே வளையங்களை அடுக்கி, அது இயங்கும்போது நிற்கும் உயரத்தில் அமுங்காதபடி ஆக்கிக்கொள்ளலாம்.

டயல் கேஜ் முறை இதைவிடச் சிறந்ததா?

என் கருத்தில் செங்குத்து இடைவெளிக்கு டயல் கேஜ் சிறந்தது. பக்கவாட்டு இடைவெளியைக் களிமண்தான் காட்டும். வாய்ப்பிருந்தால் இரண்டையும் செய்வது நல்லது.

டயல் கேஜ் முறையில், வால்வு ஸ்பிரிங்குகளுக்குப் பதிலாகக் கையால் அமுக்கக்கூடிய மெல்லிய ஸ்பிரிங்குகளைப் போட வேண்டும். கிராங்கில், பாகைகள் குறித்த வட்டத் தகடான டிகிரி வீலைப் பொருத்தி, உண்மையான டிடிசியைக் கண்டுபிடியுங்கள். பிளக் துளை வழியே பிஸ்டனைத் தடுக்கும் ஒரு முட்டுக்கட்டையைத் திருகி, கிராங்கை இருபுறமும் அது முட்டும்வரை மெதுவாகத் திருப்பி, கிடைக்கும் இரண்டு அளவுகளின் நடுப்புள்ளியை எடுத்தால் அதுதான் டிடிசி. முட்டுக்கட்டையைக் கழற்றிவிட்டு, டயல் கேஜின் ஊசியை, வால்வு ஸ்பிரிங்கை மேலே பிடித்து நிறுத்தும் ரிடெய்னரின்மேல், வால்வுத் தண்டுக்கு இணையாக நிறுத்துங்கள். எக்ஸாஸ்டுக்கு டிடிசிக்கு முன் 20 பாகையிலிருந்து டிடிசிவரை, இன்டேக்குக்கு டிடிசியிலிருந்து பின் 20 பாகைவரை, இரண்டிரண்டு பாகையாக நகர்த்தி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் ராக்கரை அமுக்கி வால்வு பிஸ்டனைத் தொடும்வரை இறக்குங்கள். ஊசி நகர்ந்த அளவுதான் அந்தப் பாகையில் உள்ள இடைவெளி. எழுதிக்கொண்டே வந்தால் எண்கள் குறைந்து, ஓரிடத்தில் திரும்பி, மீண்டும் ஏறுவதைக் காண்பீர்கள். திரும்பும் இடம் உங்கள் வரம்புக்குள் விழவில்லையானால் இன்னும் சில பாகைகள் தொடர்ந்து செல்லுங்கள்.

எத்தனை சிலிண்டர்களில் அளக்க வேண்டும்?

வரிசை எஞ்சினில் முதல் சிலிண்டரும் கடைசிச் சிலிண்டரும். வி வடிவ எஞ்சினில் இரு பக்கத்திலும் குறைந்தது ஒவ்வொன்று. பிளாக்கின் மேல்முகம் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் கடையப்பட்டிருப்பது அரிதல்ல.

பிஸ்டனைத் தவிர வால்வு வேறு எங்காவது இடிக்குமா?

சிலிண்டர் சுவரில் இடிக்கும். அகன்ற சிலிண்டருக்கென்று செய்த ஹெட்டைக் குறுகிய சிலிண்டரின்மேல் வைப்பவர்கள் இதில்தான் சிக்குகிறார்கள். ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ்3 ஹெட்டில் இன்டேக் வால்வின் விட்டம் 55 மி.மீ.; அந்த எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 103.25 மி.மீ. அதே குடும்பத்தைச் சேர்ந்த 5.3 லிட்டர் எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 96 மி.மீ. மட்டுமே. போல்ட் துளைகள் ஒத்துப்போகும். ஆனால் இன்டேக் வால்வு கீழே இறங்கும்போது சிலிண்டரின் விளிம்பில் மோதும். இதைக் கண்டறிய ஹெட்டை வைத்து, வால்வை அதன் முழு லிஃப்ட் அளவுக்குக் கையால் இறக்கிப் பார்க்க வேண்டும். பிஸ்டன் சிலிண்டரின் அடியில் இருக்க வேண்டும். வால்வு இடிப்பதைப் பொறுத்தவரை, இது ஒன்றில்தான் அதிகபட்ச லிஃப்ட் உண்மையிலேயே முக்கியம்.

இரட்டைக் கேம் எஞ்சின்களிலும், வால்வுகள் எதிரெதிராகச் சாய்ந்திருக்கும் ஹெட்களிலும், ஓவர்லாப் நேரத்தில் இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் ஒன்றையொன்று தொடக்கூடும். கேம் கியர்களைத் தனித்தனியே நகர்த்தும் வசதி உள்ள எஞ்சினில் இந்த இடைவெளியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஹெட்டை அரை மில்லிமீட்டர் ஃபேசிங் செய்தால் இடைவெளி எவ்வளவு குறையும்?

வால்வு நேர்செங்குத்தாக இருந்தால் அதே அரை மில்லிமீட்டர். சாய்ந்திருந்தால் சற்றுக் குறைவு; 23 பாகையில் 0.46 மி.மீ., 15 பாகையில் 0.48 மி.மீ. வேறுபாடு சிறியது என்பதால், கடைந்த அளவு முழுவதும் இடைவெளியில் குறைந்ததாகவே கணக்கிடுவது பாதுகாப்பானது. பிளாக்கின் மேல்முகத்தைக் கடைவதற்கும், மெல்லிய கேஸ்கெட் வைப்பதற்கும் இதே கணக்கு. வால்வு சீட்டை மறுபடி வெட்டி வால்வு உள்ளே அமிழ்ந்திருந்தால் மட்டும் இடைவெளி கூடும்.

இடைவெளி போதவில்லை என்று தெரிந்தால் என்ன செய்வது?

பலரும் முதலில் நினைப்பது தடித்த கேஸ்கெட். அதை நான் பரிந்துரைப்பதில்லை. பிஸ்டனின் தட்டையான பகுதிக்கும் ஹெட்டின் தட்டையான பகுதிக்கும் இடையே, எஃகு ராட் உள்ள எஞ்சின்களில், ஏறத்தாழ 1 மி.மீ. இடைவெளி இருப்பது கலவை நன்றாகக் கலங்கி எரிய உதவுகிறது. கேஸ்கெட்டைத் தடிப்பாக்கினால் அந்த இடைவெளி விரிந்து, கம்ப்ரஷன் குறைவதோடு எஞ்சின் நாக்கிங் செய்யும் (கலவை தானாக வெடித்துத் தட்டும்) இயல்பும் கூடலாம். வால்வுக்கு இடம் தேடி எரிதலைக் கெடுத்துக்கொள்வது நல்ல பேரம் அல்ல.

ஒரு வால்வுக்கு மட்டும் சிறிது குறைகிறது, மற்றதற்குத் தாராளமாக இருக்கிறது என்றால், கேமை ஓரிரு பாகை நகர்த்துவது எளிய வழி. நகர்த்திய பின் இரண்டு வால்வுகளையும் மீண்டும் அளக்க வேண்டும். இரண்டுக்குமே போதவில்லையென்றால் பிஸ்டன் பள்ளங்களை ஆழப்படுத்துவதுதான் நேரான தீர்வு. பள்ளம் புதிய வால்வின் கோணத்திலேயே, புதிய வால்வின் மையத்திலேயே வெட்டப்பட வேண்டும். பிஸ்டன் தலையில் எவ்வளவு கனம் மிஞ்ச வேண்டும், மேல் ரிங் பள்ளத்துக்கும் வால்வுப் பள்ளத்துக்கும் இடையே எவ்வளவு உலோகம் இருக்க வேண்டும் என்பதைப் பிஸ்டன் தயாரிப்பாளரிடம் கேட்ட பிறகே கத்தி படலாம். வார்ப்புப் பிஸ்டன்களில் தலையின் கனம் பெரும்பாலும் குறைவு. வெட்டிய ஓரங்களை மழுக்கி, எல்லாப் பிஸ்டன்களின் எடையையும் மறுபடி சமன்செய்து, குறைந்த கம்ப்ரஷனையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். அந்தச் செலவுக்குப் புதிய பிஸ்டன்களே வாங்கிவிடலாம் என்று தோன்றினால், பெரும்பாலும் அது சரியான எண்ணமே.

ஹெட்டை மாற்றும்போது வேறு எந்த இடைவெளிகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்?

முழு லிஃப்டில் வால்வு ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடக் கூடாது, மொத்தமாக 0.060 அங்குலம், அதாவது 1.5 மி.மீ. மிஞ்ச வேண்டும். ரிடெய்னரின் அடிப்பகுதிக்கும் வால்வு ஆயில் சீலுக்கும் இடையேயும் ஏறத்தாழ அதே அளவு. வால்வுத் தண்டின் நீளம் மாறியிருப்பதால் புஷ் ராட் நீளமும் மாறலாம். வால்வுத் தண்டின் முனையில் மார்க்கர் மை தடவி, எஞ்சினைச் சில சுற்றுகள் சுற்றினால், ராக்கர் உரசும் இடத்தில் மை அழிந்து ஒரு கோடு தெரியும். அந்தக் கோடு குறுகியதாகவும் முனையின் நடுவிலும் இருக்க வேண்டும். ஓரத்துக்குத் தள்ளியிருந்தால் வால்வு கைடு விரைவில் தேயும். புஷ் ராட் நீளத்தை முடிவுசெய்த பிறகுதான் பிஸ்டன் இடைவெளியை அளக்க வேண்டும்.

அளந்து, திருத்தி, எஞ்சினை மூடியாகிவிட்டது. ஓடத் தொடங்கிய பின் எதைக் கவனிக்க வேண்டும்?

முதலில் ஸ்டார்ட்டரைத் தொடாமல், கையால் மீண்டும் இரண்டு சுற்று சுற்றுங்கள். உண்மையான ஸ்பிரிங்குகளும் புதிய கேஸ்கெட்டும் வைத்த நிலையில் எங்கும் தடை இருக்கக் கூடாது. ஓடிச் சூடாறிய பின் திட டேப்பட்களை மறுபடி சரிபாருங்கள். சில நூறு கிலோமீட்டருக்குப் பிறகு ஒரு வால்வின் டேப்பட் இடைவெளி மட்டும் காரணமின்றித் திடீரென்று கூடியிருந்தால், அதைத் திருகிச் சரிசெய்துவிட்டுப் போய்விடாதீர்கள். வளைந்த வால்வு சீட்டில் அமராமல் சற்றுத் திறந்தே நிற்கும்போதும், புஷ் ராட் வளைந்திருக்கும்போதும் டேப்பட் அளவு மாறும். அந்த சிலிண்டரில் கம்ப்ரஷனைச் சோதித்து, குறைவாக இருந்தால் பிளக் துளை வழியே சிறு கேமராவை இறக்கிப் பிஸ்டன் தலையைப் பாருங்கள். கரியின் நடுவே பளபளப்பான பிறை ஒன்று தெரிந்தால் எஞ்சினை மறுபடி ஓட்டாமல் ஹெட்டைக் கழற்றுங்கள்.